கொத்தளத்தில் துண்டு வீசிய நாள்

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். அமாவாசையன்று தறி ஓடாது, எனக்கும் விடுப்பு. பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், கையில் நல்லதாக ஒரு படம் இல்லை. நண்பன் சேகர் தன் மாமாவிடம் கேமரா இரவல் வாங்கியிருந்தான். அப்படித்தான் கிளம்பினோம்.

காலை ஏழரைக்கு பஸ். பாலாற்றைத் தாண்டிப் பன்னிரண்டு மைல், ஆளுக்கு ஐம்பது பைசா. இறங்கி இரண்டு மைல் நடை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஊர், ஏரி, வயல்; குன்றுக்கு அப்பால் ஆறு. ஒரு குன்றின் உச்சியில், சம்புவராயர் காலத்தது என்று சொல்லப்படும் கருங்கல் கொத்தளம். படிகள் பாதியில் தீர்ந்துவிடும், பிறகு பாறையில் தவழ வேண்டும். ஏற நாற்பது நிமிடம். (எனக்கு ஐம்பது.)

தீபாவளி முடிந்து, ஐப்பசி பாதியாகியும் மழை இல்லை. ஏரியில் குட்டை போலக் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. மேலேயிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஊர் மாடுகள் அதை நம்பித்தான் உயிரோடு இருந்தன என்று எனக்குத் தெரியாது.

சேகர் கீழ்ப்பாறையில் நின்று, “துண்ட வீசுடா, ஹீரோ மாதிரி இருக்கும்!” என்று கத்தினான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றினேன். ஊர்ப்பக்கம் பலர் கூவுவது கேட்டது. எனக்குத்தான் என்று இன்னும் வேகமாகச் சுழற்றினேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது மதகு திறந்திருந்தது, ஏரி வெறும் சேறு. ஏரித் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி எல்லப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

“மேல என் தம்பி இல்லியா?”

“யாரும் இல்லீங்க. நாங்கதான்.”

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி கஞ்சி குடிக்க இறங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

“ஆத்துல தண்ணி வந்துக்கினு இருந்தா மேலேருந்து துண்டு வீசுவான்பா. பின்னாலியே ஏரிக்குப் புதுத் தண்ணி வந்துடும்னு, இருக்கறத நாத்துக்குத் தொறந்துடுவோம்.”

திறந்த தண்ணீரை வெடித்த நிலம் குடித்துவிட்டிருந்தது. படத்துக்காக வீசினேன் என்று சொல்லி அழுதேன். ஒருவரும் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

“உன்ன சொல்லி இன்னாபா,” என்றார் எல்லப்பன். “பத்து நாளா அந்தத் துண்டுக்குத்தான் பாத்துக்கினு இருந்தோம். ஆளப் பாக்கல.”

போக நினைப்பவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்குங்கள். மேலே நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். எதையும் வீசாதீர்கள். இப்போது அங்கே யாரும் காவல் இருப்பதில்லை, ஆற்றிலும் மணல்தான். இருந்தாலும் வீசாதீர்கள். இதற்குப் பரிகாரம் எதுவும் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

எல்லப்பனைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். கார்த்திகையில், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில், மனைவியோடும் மூட்டையோடும். மாடு இரண்டும் செத்துவிட்டனவாம். செங்கல் சூளை வேலைக்குப் போவதாகச் சொன்னார். பஸ் ஏறும்போது திரும்பி, நிஜமாகவே அக்கறையோடு கேட்டார்: “அந்தப் படம் நல்லா வந்துதாபா?”

படம் என் சட்டைப் பையில் இருந்தது. பெண் வீட்டுக்குக் காட்டத்தான் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

“வரலண்ணே,” என்றேன்.