திப்பிலி வாங்க ஹூஸ்டன் போனேன்

சனிக்கிழமை பகல் 12.10. கலிபோர்னியாவில் நான் இருக்கும் மில்பிடாஸிலிருந்து விடியுமுன் கிளம்பி, சான் ஓசேயில் விமானம் ஏறி ஹூஸ்டனில் இறங்கினேன். வெளியே வந்தால், ஈரத்துணியைச் சுடச்சுட முகத்தில் போட்டதுபோல் காற்று. அண்ணி கார் கொண்டுவந்திருந்தார். அண்ணன் வரவில்லை, இருமல். மூன்று வாரமாக இருக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான்தான் வைத்தியன். படிப்பு கிடையாது, வாய் மட்டும் உண்டு. திப்பிலி கபத்தை அறுக்கும், வாயுவைப் போக்கும், பசியைத் தூண்டும் என்று பத்தி பத்தியாக எழுதுவேன். இந்த ஊர் டாக்டர்களிடம் போகாமலே இருமலைத் தீர்க்கலாம் என்றும் எழுதியிருந்தேன். அண்ணன் அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், அவர்கள் வீட்டில் அண்ணனைப் பார்த்ததும் திக்கென்றது. சட்டை தோளில் தொங்கியது. "ஏசி ஒத்துக்கலடா, வேற ஒண்ணுமில்ல" என்றார். வீட்டில் திப்பிலி தீர்ந்துவிட்டதாம், இந்தியக் கடையிலும் இல்லையாம். தாய்லாந்துக் கடையில் கிடைக்கும் என்று போனில் தேடிக் கண்டுபிடித்து, அண்ணியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மணி 2.30. ஃப்ரீவேயில் பன்னிரண்டு மைல். நெரிசலில் முப்பத்தைந்து நிமிடம். பெல்லேர் சாலையில் ஒரு சின்னக் கடை, உள்ளே எலுமிச்சைப்புல் வாசனை. கல்லாவில் ஐம்பது வயதுத் தாய்லாந்துப் பெண். திப்பிலியின் ஆங்கிலப் பெயர் அவருக்குப் புரியவில்லை. படத்தைக் காட்டினேன். "ஓ, தீப்லீ" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. சுக்கு, மிளகோடு சேர்த்தால் அவர்களுக்கு அது 'த்ரீகதுக்'. நம் திரிகடுகேதான். அங்கேயும் சளிக்கும் வயிற்று உப்புசத்துக்கும் அதைத்தான் கொடுப்பார்களாம். நம்முடையதைவிடக் காய் சற்றுத் தடிமன். நாலு அவுன்ஸ் பாக்கெட் 6 டாலர் 99 செண்ட். இதை வைத்து என்ன எழுதலாம் என்று மனது அப்போதே தலைப்புத் தேடத் தொடங்கிவிட்டது.

பாக்கெட்டைத் தருமுன் அந்தப் பெண் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். மூன்று வாரம் என்றேன். பின்னால் நின்ற அண்ணி தாழ்ந்த குரலில், நாலு மாதம் என்றார். இளைத்திருக்கிறாரா? ஆமாம். சளியில் ரத்தம் வருகிறதா? அண்ணி ஆமென்று தலையசைத்தார்.

அந்தப் பெண் பாக்கெட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். இது அதற்கான மருந்து இல்லை, டாக்டரிடம் போங்கள், இன்றைக்கே என்றார். இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் கேட்கவே இல்லை.

பார்க்கிங்கில் அண்ணி காரைக் கிளப்பவில்லை. "அவருக்கு ஜாப் போயி ஆறு மாசமாச்சு தம்பி. இன்சூரன்ஸ் இல்ல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. டாக்டர்கிட்ட போலாம்னு நான் சொல்றப்பல்லாம் உங்க மெசேஜத்தான் எடுத்துக் காட்டுவாரு."

எனக்கு அவமானமாக இருந்தது. எங்கள் பொள்ளாச்சியில் என்றால் தெருமுனை டாக்டர் அண்ணனை ஒருமுறை பார்த்தே விரட்டி எக்ஸ்ரேவுக்கு அனுப்பியிருப்பார். இங்கே, இன்சூரன்ஸ் இல்லாமல் ஆகும் செலவுக்குப் பயந்து டாக்டர் பக்கம் போகாமலிருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான் மில்பிடாஸில் சோபாவில் படுத்தபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மாலை 4.40. அண்ணனை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் க்ளினிக்குக்குப் போனோம். இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள் என்று படிவத்தில் ஒரு கட்டம். "திப்பிலின்னு போடுடா" என்றார் அண்ணன். போட்டேன். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. என்னவென்று இப்போது சொல்ல முடியாது, திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும், முன்னமே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஞாயிறு காலை 9.00. ஊர் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுப் போனைத் திறந்தேன். திப்பிலி பற்றிய என் பழைய செய்திக்குக் கீழே நியூ ஜெர்சி ஐசலினிலிருந்து சித்தி மகள் கேட்டிருந்தாள்: "அண்ணா, எங்க மாமியாருக்கு ரெண்டு மாசமா இருமல். திப்பிலி எவ்ளோ போடணும்?"

டாக்டரிடம் போ, இன்றைக்கே என்று மட்டும் எழுதி அனுப்பினேன். பக்கத்து அறையில் இருமல் கேட்டது. அது ஓய்ந்த கொஞ்ச நேரத்தில், நான் எழுதியதற்குக் கீழே அண்ணனின் கட்டைவிரல் வந்து விழுந்தது.