கிரெப் பிறந்த கதையும் நான் விட்ட கதையும்

எனக்கு வாய் அதிகம். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. தொண்ணூற்றேழில், நியூ ஜெர்சி எடிசனில், எங்கள் கன்சல்டிங் கம்பெனி பிடித்துக் கொடுத்திருந்த கெஸ்ட் ஹவுஸில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் அது தெரியும். கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர்தான். இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்டில் ஐந்து பேர், ஒரு ரைஸ் குக்கர், ஒரு போன். ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். க்ளையன்ட் போனில் இன்டர்வியூ எடுப்பார். தேறினால் பெட்டியைக் கட்டலாம், தேறாவிட்டால் மறுபடி அதே சாம்பார். எனக்குப் பக்கத்திலேயே ப்ராஜெக்ட் கிடைத்ததால் காலி செய்யாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனில் நடந்த திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்டர்வியூவில் யாருக்காவது பேச்சு வராது என்றால், பேச்சு வருகிற இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு பேசுவாள். அந்தப் பக்கம் இருப்பவருக்கு நம் குரல் எல்லாம் ஒன்றுதான். இப்படி நான் இரண்டு பேரை டெக்ஸாஸுக்கும் ஒருத்தியைக் கலிஃபோர்னியாவுக்கும் அனுப்பிவைத்திருந்தேன். தப்புதான். அப்போது தப்பாகத் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

என் ரூமில் இருந்தவள் ஈரோட்டுக்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள். ஊரில் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்று மாதம் ஆகியும் ப்ராஜெக்ட் அமையவில்லை. வந்த இரண்டு இன்டர்வியூவிலும் அமெரிக்க இங்கிலீஷைக் கேட்டதும் யெஸ், நோவைத் தாண்டவில்லை. மூன்றாவதாக டெக்ஸாஸில், ஆலனில், ஒரு க்ளையன்ட். இதுவும் போனால் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்குப் பதிலா நீங்களே பேசிருங்க்கா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாதடி. பாத்துட்டே இரு, செலக்டட்னு சொல்ல வச்சுட்டுத்தான் போனை வைப்பேன்," என்றேன். ஆபீஸில் அரை நாள் லீவ் போட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு போன் அடித்தது. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். வயதான குரல், அவசரமே இல்லாத பேச்சு. யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அவர் கேட்டதெல்லாம் எங்களிடமிருந்த ஜெராக்ஸ் கேள்வி-பதில் கட்டுக்குள் வரிசையாக இருந்தது. வெளுத்துக்கட்டினேன். நடுவில் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கவும் செய்தேன்.

"கிரெப் தெரியுமா?" என்றார்.

தெரியாமலா? ஃபைலுக்குள் ஒரு வார்த்தையைத் தேடி, அது இருக்கிற வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுகிற கட்டளை. தினமும் ஐம்பது தடவை அடிப்பேன். சொன்னேன்.

"அது முதலில், ஃபைலை எழுதித் திருத்துகிற ஒரு பழைய எடிட்டர் ப்ரோகிராமுக்குள்ளேயே இருந்தது. அங்கேயே இருந்ததை எதற்காக வெளியே எடுத்துத் தனி ப்ரோகிராம் ஆக்கினார்கள்?"

ஜெராக்ஸ் கட்டுக்குள் இது இல்லை. இல்லாவிட்டால் என்ன, எனக்குத்தான் வாய் இருக்கிறதே! எடிட்டர் ரொம்ப மெதுவாக ஓடியது, மேலிடத்தில் கோபப்பட்டார்கள், தனியாக விற்றால் நன்றாகப் போகும் என்று ஒரு கமிட்டி போட்டு முடிவு செய்தார்கள் என்று கோர்வையாக அடித்துவிட்டேன். கமிட்டியில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சும்மா இரு என்று கையைக் காட்டினேன்.

"அய்யோ, அது தப்புங்க்கா!" என்று தமிழிலேயே கத்திவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பிறகு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். காலம், இடம், இலக்கணம் எதுவும் சரியில்லை, ஆனால் நிற்கவே இல்லை. அவளுடைய பாலிடெக்னிக்கில் இருந்தது ஒரு ஓட்டை யூனிக்ஸ் மெஷின். அதற்குத் திரை கிடையாது, காகிதத்தில் அச்சடிக்கிற டெர்மினல்தான். அதில் அந்தப் பழைய எடிட்டர் மட்டும்தான் ஓடும். தப்பாக அடித்தால் திட்டாது, விளக்கமும் சொல்லாது, ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். ஜி அடித்து, இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் தேட வேண்டியதை அடித்து, கடைசியில் பி போட்டால் ஃபைல் முழுக்கத் தேடி அந்த வரிகளை அச்சடித்துத் தரும். நடுவில் வருவதற்கு ஆர்.ஈ. என்று சுருக்கம். இந்த நாலு இங்கிலீஷ் எழுத்தையும் சேர்த்தால் கிரெப்.

"மெதுவாக ஓடியதால் இல்லை சார். பெரிய ஃபைல் எடிட்டருக்குள் கொள்ளவில்லை," என்றாள். ஒன்பது வருஷப் பரீட்சை ரிசல்ட்டை ஒரே ஃபைலாக அதில் திறக்கப் பார்த்தபோது அவளுக்கும் அந்தக் கேள்விக்குறிதான் வந்ததாம். கிரெப் முழு ஃபைலையும் உள்ளே இழுக்காது. ஒரு வரியைப் பார்க்கும், விட்டுவிடும், அடுத்த வரிக்குப் போகும். அதைச் செய்த இடத்திலும் இதே கஷ்டம்தான் என்று லேபில் கிடந்த ஏதோ பத்திரிகையில் படித்திருந்தாள். பழைய அரசியல் கட்டுரைகளை எழுதியது யார் என்று ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தாராம், அவை எடிட்டரில் அடங்கவில்லையாம். அதனால் தேடுகிற பகுதியை மட்டும் பிய்த்தெடுத்துத் தனியாக்கினார்கள்.

"கமிட்டியெல்லாம் இல்லை சார். ஒரே ஆள், ஒரே ராத்திரி," என்று முடித்தாள்.

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இப்போது பேசுவது யார்?" என்று கேட்டார்.

நான் லைனை வெட்டக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெஸ்யூமேயில் இருக்கிற ஆள், சார்."

"இவ்வளவு நேரம் பேசியது?"

"என் அக்கா. எனக்குப் பயமாக இருந்தது."

போச்சுடா என்று நினைத்தேன். கம்பெனிக்குத் தெரிந்தால் இவளோடு நானும் ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்.

"இப்போது பயம் போய்விட்டதா?"

"போய்விட்டது சார்."

"அப்படியானால் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அக்காவைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்கள். போவதற்கு முன்னால் ஒன்று. கிரெப் பிறந்த லேப் இப்போது நீங்கள் இருக்கும் எடிசனிலிருந்து அரை மணி நேர டிரைவ். அதையாவது அவர் தெரிந்துகொள்ளட்டும்."

தினமும் அந்தப் பக்கமாகத்தான் நான் ஆபீஸுக்கு டிரைவ் பண்ணிக்கொண்டிருந்தேன். சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன். முக்கால் மணி நேரம் கதவு திறக்கவில்லை.

மூன்றாம் நாள் செலக்டட் என்று போன் வந்தது. ஏதாவது வில்லங்கமும் கூட வருமோ என்று போன் அடித்தபோதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்தேன். வரவில்லை. அந்த மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் அதற்கப்புறம் யாருக்காகவும் பேசவில்லை.

நியூவார்க் ஏர்போர்ட்டில் அவளை வழியனுப்பும்போது கெத்தாகச் சொன்னேன்: "நீ வாயைத் திறக்கணும்னுதான்டி அன்னிக்கு வேணும்னே தப்பா சொன்னேன்."

அவள் சிரித்தாள். "அக்கா, அன்னிக்கு நான் உங்க மூஞ்சியத்தானுங்க பாத்துட்டிருந்தேன்," என்றாள். சொல்லிவிட்டு என்னை இறுகக் கட்டிக்கொண்டாள்.

இன்றைக்கும் கேட்கிறவர்களிடம் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். அவள் எதிரில் இருந்தால் மட்டும் அந்தக் கதையை எடுப்பதில்லை.