சுருதி இறங்கும் பெட்டி

வேங்கிக்காலில் இளஞ்செழியன் என்றால் இன்வெர்ட்டர் ரிப்பேர்க்காரன். எனக்கு அவன் என்றைக்கும் கீபோர்டுக்காரன்தான். எங்கள் செவ்வந்தி இசைக்குழுவில் பதினோரு வருஷம் அவன் கீபோர்டு, சகாதேவன் அண்ணன் பாட்டு, நான் அறிவிப்பாளன். ஆடி மாதம் கூழ் ஊற்றாத ஊரும் கிடையாது, நாங்கள் மேடையேறாத ஊரும் கிடையாது. பாட்டைவிட நடுவில் நான் பேசியதைத்தான் ஜனங்கள் அதிகம் ரசித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். அவர்கள் இருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அண்ணனுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதோடு குழு கலைந்தது. குரல் திரும்பி வந்தது, ஆனால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பாடப் பாடக் கீழே நழுவியது. கீபோர்டோ எடுத்த சுருதியிலேயே நிற்கும். இரண்டு வரி போவதற்குள் விலகல் அவர் காதுக்கே தெரிந்துவிடும், வாயை மூடிக்கொள்வார். "இனிமே என்னைப் பாடச் சொல்லாதீங்கடா" என்று சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடப் போய்விட்டார்.

அவர் ஒரு பாட்டையாவது முழுசாகப் பாடியாக வேண்டும் என்று செழியனுக்குப் பிடிவாதம். செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் இன்வெர்ட்டர் பார்க்கப் போனவன், அங்கே தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒரு பெட்டியை வாசிப்பதைப் பார்த்தான். மாடுலர் சிந்தசைசர். கீபோர்டில் எல்லா ஒலியும் தயாராக இருக்கும். இதில் ஒரு பலகை ஒலியை எழுப்பும், இன்னொன்று வடிகட்டும், மற்றொன்று ஏற்றி இறக்கும். ஒயர் சொருகி நாம்தான் இணைக்க வேண்டும். "அண்ணன் தொண்டைக்கு ஏத்த சத்தத்தை நானே செய்யறேன்" என்று கிளம்பினான்.

மூன்று வருஷம் ஆனது. அலுமினிய ஜன்னல் கடையில் மிஞ்சிய தகடுகளில் பலகை செய்து, மார்க்கரால் 'கத்து', 'வடி', 'இழு' என்று எழுதிவைத்தான். "ரேஷன் கார்டுல இதையும் சேத்துடுங்க" என்பாள் அவன் மனைவி மணிமொழி.

மார்கழியில் பெட்டி அருமையாகப் பேசியது. பங்குனி வெயில் ஏறியதும், தகர ஷீட் போட்ட அவன் வீட்டு மாடி அறையில், வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கத் தொடங்கியது. சூட்டைச் சமாளிக்கும் சின்னப் பாகம் ஒன்றை வைக்காமல் விட்டிருந்தான். தலையில் அடித்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வரவழைத்தான்.

அதைப் பொருத்துவதற்குள், சித்திரையில் ஒரு மத்தியானம், நானும் அங்கே உட்கார்ந்திருந்தபோது, மல்லாட்டை மூட்டையோடு அண்ணன் வந்து நின்றார்.

"இன்னாடா, ஈபி ஆபீஸையே வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சிக்கினு கீற?"

"ஒண்ணே ஒண்ணு பாடுங்கண்ணா" என்றான் செழியன்.

"வேணாம்டா, அசிங்கமாப் பூடும்."

நான் எழுந்து பழைய குரலில், "அன்பார்ந்த பெருமக்களே" என்று ஆரம்பித்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு இரண்டு கட்டைச் சுருதியில் எடுத்தார். செழியன் பெட்டியைக் கூடவே நடத்தினான். பல்லவி போனது. இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், இந்த இடத்தில் நிறுத்திவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். முதல் சரணம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முழுசாக ஒரு பாட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. மணிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தார். "சுருதி வுட்டுட்டனாடா? நெசத்தச் சொல்லு."

சுருதியை அளந்து காட்டும் ஆப் ஓடிக்கொண்டிருந்த போனைச் செழியன் பார்த்தான். ஒன்றரைக் கட்டைக்கு வந்திருந்தது. அரைக் கட்டை போயிருந்தது. பொய் சொல்வானோ என்று பயந்தேன்.

"எறங்கிட்டீங்கண்ணா. பொட்டியும் உங்க கூடவே எறங்கிச்சி."

அவர் ஒயர்களை விரலால் ஒருமுறை தடவினார்.

"தனியா எறங்கலன்னா சரி" என்று சொல்லி, அடுத்த பாட்டுக்குத் தொண்டையைச் செருமினார்.