கோதுமை மா விபூதி

எண்பதுகளில் லண்டன் இல்ஃபோர்டில் ஒரு பேக்கரியில் என்னோடு வேலை செய்தார் அந்தக் கோவாக்காரர். பெரிய மீசை, சின்னக் கண்கள். மாப் பிசைந்த கையை ஏப்ரனில் நன்றாகத் துடைக்காமல் ஒருவரையும் தொடமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் கைநிறைய வெள்ளை மாவோடு சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேரே கையை நீட்டினார். நெற்றிக்கு வெள்ளையாய் ஒன்று வந்தால் எனக்கு வேறென்ன தோன்றும்? கண்ணை மூடித் தலையைக் குனிந்து, "சிவ சிவா" என்றேன்.

"ஐயோ அண்ணை, அது கோதுமை மா!" என்று எங்களோடு வேலை செய்த மன்னார்க் கத்தோலிக்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நாளைக்குத்தான் எங்கடை விபூதிப் புதன். நோன்புக்கு முதல்நாள் கோவாவிலை இப்பிடி மாப் பூசி விளையாடுவினம். போர்த்துக்கேயன் பழக்கினது."

பேக்கரியே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது. கோவாக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

"நீங்கள் கும்பிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னார்.

மறுநாள் மாதா கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், முதல்நாள் சிரிப்பு எனக்கு நினைவு வரக்கூடாது என்பதுபோல, தொப்பியை இழுத்து அதை மறைத்துக்கொண்டார்.

அன்றைய சிரிப்பைக்கூட மறந்துவிட்டேன். அந்தத் தொப்பிதான் இன்னும் என்னைக் கூசவைக்கிறது.