கேட்காமல் வைத்த கேரியர்

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பெண் சைக்கிள் ஓட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்யாணமானவள் ஓட்டினால் ஐயோ பாவம் என்பார்கள். அதே கல்யாணமானவள் வளைந்த ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து வேகமாகப் போனால் திமிர் என்பார்கள். நான் இந்த மூன்றையும் பார்த்துவிட்டேன்.

உத்திரமேரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் எனக்கு வேலை. காலையில் கதவைத் திறக்க வேண்டியவள் நான்தான். சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு படியில் உட்கார்ந்திருப்பார்கள், நான் தாமதித்தால் அவர்களுக்குத் தலைசுற்றும். முதல் டவுன் பஸ்ஸை நம்பவே முடியாது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து, நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில டிரைவர்களுக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகிறது. வீட்டில் ஒரு பெரிய கறுப்பு பைக் இருக்கிறது. என் வீட்டுக்காரருடையது. அவரைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பைக் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அதில் என் கை படக் கூடாது.

அதனால்தான் சென்னைக்காரர் ஒருவரிடம் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கிராவல் பைக் என்பார்கள், மண்ணிலும் ஜல்லியிலும் ஓடுவதற்கென்றே தடித்த டயர் போட்டது. ஏரிக்கரை மேலே குறுக்கு வழியில் போக அதுதான் தோதாக இருந்தது. பிறகு ஏரியில் மண் அள்ள வந்த லாரிகள் கரையை உடைத்துப் போட்டன. உடைத்தவர்களை யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் வழி போனது. இனிமேல் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தடித்த டயரோ தாரில் பசை போல ஒட்டியது.

சரி, சைக்கிளையே மாற்றிவிடுவோம் என்று இறங்கினேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, விடுமுறை நாட்களில் வாசலில் உட்கார்ந்து செய்தேன். மெலிந்த வழவழப்பான டயர் போட்டேன். முன்னால் இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று வைத்தேன், பின்னால் நெருக்கமான பற்கள். அகன்ற ஹேண்டிலுக்குப் பதில் குறுகலானது, அதுவும் இன்னும் தாழ்வாக. செயினை முதலில் நீளமாக விட்டுவிட்டேன், பிறகு வெட்டியதில் குட்டையாகிப் போய் வேறு செயின் வாங்கினேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த சைக்கிளில் பை மாட்டுவதற்கென்று அங்கங்கே மரை போட்ட ஓட்டைகள் உண்டு. "போல்ட்டெல்லாம் வுயுந்துட்ச்சி பாரும்மா" என்று தெருவில் பாதிப்பேர் எச்சரித்துவிட்டார்கள்.

முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு தார் ரோட்டில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிதித்தால் மிதித்ததெல்லாம் எனக்கே திரும்பி வந்தது. லேபுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்தேன். அதைவிட, போகிற வழியில் நான் யாருக்கும் மனைவியாகவும் மருமகளாகவும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் வேண்டுமா?

என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் முன்கூட்டியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சைக்கிள் வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தது. சுவரில் சாய்க்காமல் அது நின்று நான் பார்த்ததே இல்லை. கிட்டே போனேன். பின்னால் இரண்டு மூட்டை வைக்கிற மாதிரி இரும்புக் கேரியர். கீழே ஸ்டாண்ட். இரண்டையும் பாடியோடு வெல்டிங் வைத்திருந்தார்கள்.

அந்த பாடி இரும்புதான். ஆனால் பால்காரர் சைக்கிளின் இரும்பு இல்லை. எடை குறைவதற்காகக் குழாயை மெலிசாக இழுத்திருப்பார்கள். சூட்டில் ஒரு இடத்தில் பொத்துக்கொண்டு ஓட்டையே விழுந்திருந்தது. அதைப் பட்டி வைத்து அடைத்து, மேலே சில்வர் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பின் சக்கரம் ஒரு பக்கமாக ஒதுங்கி உரசியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "எப்டி கீது? கேரியர் இல்லாம இன்னா சைக்கிள் அது? நீ கஷ்டப்படறியேன்னுதான் வெச்சேன்."

"யாரக் கேட்டு வெச்ச?"

"கேக்கறதுக்கு இன்னா கீது இதுல? உனுக்காகத்தான்மே ஆசையா செஞ்சேன். இதுக்குப் போயி இப்டி கத்தற?"

மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் அவர் பக்கம் பேசினார்கள். பெண்டாட்டிக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். ஆசையாம். ஒருவர் ஆசைப்பட்டுவிட்டால் அடுத்தவள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அடித்திருந்தால்கூட நாலு பேர் எனக்காகப் பேசியிருப்பார்கள். அன்பாகச் செய்ததை எங்கே போய்ச் சொல்வது? அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு பாட்டி லேப் படியிலேயே மயங்கிச் சரிந்தார். அன்றைக்கு என் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

மறுநாள் எனக்கு விடுமுறை. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். பைக் சாவியை எடுத்தேன். போர்வையை உருவிப் போட்டுவிட்டு, நேராகக் கூட்டு ரோட்டு வெல்டிங் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். என் சைக்கிளில் கை வைத்த அதே ஆள்தான் இருந்தார். நான் விளையாட்டுக்குப் போகவில்லை, செய்துவிடுகிற எண்ணத்தோடுதான் போனேன்.

"இதுல ரெண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர் வெக்கிற மாதிரி இரும்புல ஸ்டாண்ட் அடிச்சிக் குடுங்க. பாடியோட வெல்டிங் வெச்சிடுங்க."

அவர் பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் வண்டியாச்சே அண்ணி. அவராண்ட ஒரு வார்த்த கேக்காம எப்டி கை வெக்கறது?"

"என் சைக்கிள்ல வெச்சியே, என்னாண்ட கேட்டியா?"

"அண்ணன்தான இட்டுகினு வந்தாரு" என்றார். அவர் திருட்டு முழி முழிக்கவில்லை. நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்கு நிஜமாகப் புரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

போனை எடுத்து வீட்டுக்காரரை எழுப்பினேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். கட்டிய லுங்கியோடு, பாதிச் சட்டை பட்டன் போடாமல், யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ணா, அண்ணி ஸ்டாண்ட் வெக்கச் சொல்றாங்க. வெக்கட்டுமா?"

"வேணாம்" என்றார்.

வெல்டிங்காரர் "சரிணா" என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஏன் வேண்டாம் என்றுகூடக் கேட்கவில்லை.

"பாத்தியா? ஒரே வார்த்த. என்னிய அத்தச் சொல்ல வுட்டியா நீ?" என்று கேட்டேன்.

அவர் என்னையும் பைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை அவர் கையில் வைத்துவிட்டு ரோட்டில் இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பின்னாலேயே வண்டி வந்து என் பக்கத்தில் மெதுவானது.

"ஏறிக்கோமே" என்றார்.

"வேணாம்" என்றேன்.