மண்டூரிலிருந்து கல்லடிக்கு ஒரு நடைப் போட்டியின் பின்னே

மாசி 14, வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டரை மணிக்கு மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ் புறப்பட்டது. நாளுக்கு ஐம்பது சதம் வாடகை பேசி எடுத்த சைக்கிளைக் கூரையில் கட்டியிருந்தேன். மறுநாள் காலை வாவியின் மேற்குக் கரையில் மண்டூரில் தொடங்கி, கிழக்குக் கரையில் கல்லடிப் பாலத்தடியில் முடியும் நடைப் போட்டியை ஆதியோடந்தமாகப் பார்ப்பதே நோக்கம். தூரம் இருபது மைலுக்குச் சற்று மேல். இங்கே மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் சொல்கிறார்கள். சூரியன் படும் கரை, எழும் கரை.

காத்தான்குடியில் ஒருவர் ஏறினார். ஒடிசலான உடம்பு, முப்பத்தெட்டு வயதிருக்கும். கான்வாஸ் சப்பாத்து இரண்டையும் நாடாவால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என்ன காக்கா, பஸ்ஸில? நடந்தா எங்களுக்கு முந்தியெல்லோ போயிருவீங்க!" என்றான் கொண்டக்டர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'காக்கா' என்றுதான் அழைக்கிறார்கள்.

"நாளைக்குக் கல்லடியில உன்னக் காணுறன். அப்ப சொல்லு," என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர்.

அவர்தான் அசனா லெவ்வை. நான் தேடி வந்த மனிதர். இந்த மாவட்டப் போட்டியை ஐந்து முறை வென்றவர். கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டியில் ஒரு தடவை மூன்றாவது, இரண்டு தடவை இரண்டாவது. மாவட்டத்துக்கு ஒருவரைத்தான் அங்கே எடுக்கிறார்கள். அந்த ஒருவர் நாளை கல்லடியை முதலில் அடைபவர்.

தேற்றாத்தீவைக் கடக்கும்போது, இந்த நடையை எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு வயதில் புடவைப் பொட்டணத்தைத் தலையில் வைத்துப் படுவான்கரை ஊர்களுக்கு விற்கப் போனவராம்.

"பொட்டணத்தோட ஓட ஏலுமா? ஓடினா சீலை எல்லாம் சேத்துக்குள்ள. பொழுது படுகுதெண்டா கெதியா நடக்கத்தான் ஏலும். அப்பிடிப் பழகினதுதான்." முழங்காலைத் தடவிக்கொண்டு, "அடுத்த வருசம் இந்த முழங்கால் கேக்காது. இந்த முறை கொழும்பில முதலாவதா வரோணும். இல்லாட்டி இல்லத்தான்," என்றார்.

களுவாஞ்சிகுடியில் இறங்கி, குருமண்வெளித் துறையில் தலைக்கு இரண்டு சதம் கொடுத்து வாவியைக் கடந்தோம். இரவு மண்டூரில் தங்கல்.

மாசி 15, சனிக்கிழமை. காலை ஆறு மணி. பதினோரு பேர் நின்றார்கள். நடுவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர். சைக்கிளில் கூட வருபவர். விதியை உரத்துச் சொன்னார். இரண்டு பாதமும் ஒரே நேரத்தில் நிலத்தை விடக் கூடாது. விட்டால் அவர் சிவப்பு லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, காட்டுவார். ஒருவருக்கு இரண்டாம் தடவை காட்டினால் அவர் போட்டியிலிருந்து விலக வேண்டும். நடையும் ஓட்டமும் பிரியும் இடம் அவ்வளவு மெல்லியது.

வெல்லாவெளிப் பக்கத்து வயல்களில் நெல் வெட்டு நடந்துகொண்டிருந்தது. வழியின் இருபுறமும் வட்டையில் அறுத்த கதிரைச் சூடாகக் குவித்திருந்தார்கள். ஈர வைக்கோலின் மணம் மைல்கணக்கில் கூட வந்தது. அசனா லெவ்வையின் நடையைப் பின்னாலிருந்து பார்ப்பது ஒரு சுகம். இடுப்புக்குக் கீழே எல்லாம் இயங்க, தலை மட்டும் அசையாமல் இருந்தது. இல்லாத பொட்டணம் ஒன்று இன்னும் அங்கே இருந்தது.

எட்டரை மணிக்கு அம்பிளாந்துறையைத் தாண்டியபோது இருவர்தான் முன்னணியில். லெவ்வைக்குப் பின்னே, கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த சீனித்தம்பி. இருபத்திரண்டு வயது, வயல் வேலை, வெறுங்கால். கொக்கட்டிச்சோலைச் சந்தியில் அவன் ஊரார் கூடி நின்று லெவ்வையைச் சீண்டினார்கள்.

"காக்கா, சீலை விக்கல்லியா இண்டைக்கு?"

"நாளைக்கு வாறன் புள்ள, காச எடுத்து வை!" தலையைத் திருப்பாமலே பதில் சொல்லிக்கொண்டு போனார்.

பத்து மணிக்குச் சற்று முன் மண்முனைத் துறை. வாவி கண்ணாடித் தகடுபோல் கிடந்தது. இங்கே 'பாதை' என்பது இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை பரப்பிய மிதவை. அது இக்கரையிலேயே நின்றது. லெவ்வை ஏறினார், நடுவரும் நானும் சைக்கிள்களோடு ஏறினோம். பின்னால் நீண்ட அணைக்கட்டில் சீனித்தம்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தான். ஐந்தாறு நிமிடத் தூரம். இப்போது கடந்தால், பாதை திரும்பி வந்து அவனை ஏற்றுவதற்குள் லெவ்வை கல்லடியை நெருங்கிவிடுவார். முதல் ஆள் வந்ததும் பாதை போகலாம் என்பது ஏற்பாடு.

துறைக்காரர் தம்பாப்பிள்ளை கோலை ஊன்றினார். அப்போது அணைக்கட்டிலிருந்து "கூய்!" என்று ஒரு குரல். சீனித்தம்பி அல்ல, அவனோடு வந்துகொண்டிருந்த ஊர்க்காரர்கள். தம்பாப்பிள்ளை கோலை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"அண்ணே, என்ன நிக்கிறீங்க? தள்ளுங்க!" என்றார் லெவ்வை.

"கூப்பிடுறாங்க. கேக்கல்லியா?"

"அவன் கூப்பிடல்லியே! கூட வாறவனுகள்தானே கூப்பிடுறானுகள்!"

"ஆர் கூப்பிட்டா என்ன? ஆள் வருகுதுதானே."

"இது போட்டி அண்ணே!"

"போட்டி உங்களுக்கு. எனக்குப் பாதை."

லெவ்வை நடுவரைப் பார்த்தார். நடுவர் தம் சட்டைப் பையைத் தடவி, விதியில் துறையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். பாதையைப் போகலாம் என்றுதான் சொன்னோம், போகவேண்டும் என்று சொல்லவில்லை என்று மெல்ல இழுத்தார்.

"நான் தோத்தா நீங்கதான் காரணம், சொல்லிப்போட்டன்," என்று கத்தினார் லெவ்வை.

தம்பாப்பிள்ளை கோபப்படவில்லை. "லெவ்வை, இருவது வருசமாப் பொட்டணத்தோட வந்து பொழுது பட்டு மைம்மலாகிற நேரத்தில கூய் எண்டு நீ கத்துவாய். ஒரு நாளாவது உன்ன விட்டுட்டுப் போனனா? சொல்லு."

சீனித்தம்பி வந்து ஏறினான். அவனுக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஓரமாகப் போய் நின்று வாவித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடக்கக் கால் மணி நேரம் பிடித்தது. கோல் சேற்றில் ஊன்றி எழும் ஓசை மட்டும்.

எழுவான்கரையில் பலகை மணலைத் தொட்டதும் லெவ்வை குதித்தார். மூன்று அடி, நான்கு அடி. கோபம் நடக்கவிடவில்லை, அவை ஓட்டம்தான். நடுவர் சிவப்பு லேஞ்சியை உயர்த்தினார். இனி ஒன்று காட்டினால் முடிந்தது.

ஆரையம்பதி வரை இருவரும் தோளோடு தோள். பிறகு காத்தான்குடி. லெவ்வையின் சொந்த ஊர். கடைகளை அப்படியே விட்டுவிட்டுச் சனம் வீதியின் இருபுறமும் நின்றது. நெசவுக் கொட்டில்களிலிருந்து பையன்களும் பெரியவர்களும் வந்துவிட்டார்கள்.

"ஓடு காக்கா, ஓடு! விடாத, ஓடு!"

"கத்தாதீங்கடா! ஓடப்படாது!" என்று நடுவர் சைக்கிளிலிருந்து கையை ஆட்டினார். அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. ஒரு மைல் தூரத்துக்கு அந்த ஊர் முழுவதும் தன் மனிதனை நேசத்தோடு தோற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. லெவ்வையின் குதிகால்கள் மணலை விட்டு எழப் பார்ப்பதை நான் பின்னாலிருந்து கண்டேன். எழவிடவில்லை அவர். எழவிடாமல் இருப்பதற்கு ஒரே வழி அடியைக் குறுக்குவது. குறுக்கினார். எச்சரிக்கை எதுவும் வாங்காத சீனித்தம்பி மெல்ல முன்னே போனான்.

கல்லடியில் இரண்டு மாட்டுவண்டி நீளத்தால் சீனித்தம்பி முதல்.

மாசி 16, ஞாயிற்றுக்கிழமை. மாலை கொழும்பு ரயிலுக்குப் போனேன். மூன்றாம் வகுப்பில் என் எதிரே சீனித்தம்பி. முதல் முறையாக ரயில் ஏறுகிறான். மேடையில் அசனா லெவ்வை பொட்டணத்தோடு வந்து நின்றார். இருவரும் என்ன பேசுவார்கள் என்று தெரியாமல் நான் வெளியே பார்ப்பதுபோல் இருந்தேன்.

"அங்க தார் ரோட்டு. வெறுங்கால் தாங்காது. இந்தா, போட்டுப் பழகு." சப்பாத்து ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

"உங்களுக்கு, காக்கா?"

"எனக்கென்னத்துக்கு இனி?" ஜன்னலருகே வந்து, "அங்க ஆரும் உனக்காக நிக்க மாட்டாங்க மனே. பிந்தினா பிந்தினதுதான். தெரிஞ்சு நட," என்றார்.

சீனித்தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

நான் பிறந்து வளர்ந்த தீவுப் பக்கத்துத் துறைகளில் மணி அடித்ததும் வள்ளம் போய்விடும். ஓடி வருபவன் கையை ஆட்டினாலும் கரையில்தான் நிற்க வேண்டும். நானும் நின்றிருக்கிறேன், அதை முறை என்றே எண்ணியிருக்கிறேன். தம்பாப்பிள்ளை செய்தது சரியா என்று இந்த இரண்டு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கும் வரவில்லை. மணி அடித்துப் போகும் துறையாக இருந்திருந்தால் இந்த ரயிலில் லெவ்வை உட்கார்ந்திருப்பார்.

ரயில் புறப்படும்வரை அவர் நிற்கவில்லை. படுவான்கரையில் வெட்டு நடக்கிறது, சீலை வாங்க ஆள் இருக்கும் என்று பொட்டணத்தைத் தலையில் ஏற்றினார்.

"இந்த நேரத்திலா? மண்முனைக்குப் போய்ச் சேரமுன் பாதை போய்விடாதா?" என்று கேட்டேன்.

அசனா லெவ்வை என்னை ஒரு கணம் பார்த்தார்.

"கூப்பிட்டா நிப்பார்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.