பெட்டி கிளம்பிவிட்டது, மாப்பிள்ளை கிளம்பவில்லை

ஒரு வாரமாக எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பெரிய சூட்கேஸ் நிற்கிறது. போகும்போதும் வரும்போதும் காலில் இடிக்கிறது. எனக்கோ ஒரு பொருள் இடம் மாறி இருந்தாலே கை பரபரக்கும்!

பெட்டி என் தங்கை கணவருடையது. துபாயில் ஏ.சி. மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்காகத் தங்கை எங்களோடு அனுமந்தன்பட்டியில் இருக்கிறாள். பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு ஐப்பசியில் பறப்பதாக மாப்பிள்ளையின் திட்டம். ஆனால் அவர் நட்சத்திரத்துக்கு ஆவணியோடு நல்ல நாள் தீர்ந்துவிட்டதாம். அதனால் அந்த நல்ல நாளிலேயே பெட்டியை மட்டும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்து, பரஸ்தானம் முடித்துவிட்டார்கள். பயணம் கிளம்பியதாக அர்த்தம்!

எல்லாம் சரி... வரி? யாரிடமாவது கேட்டாரா?

“ஏஜென்ட் சொல்லிட்டாரு மச்சான். துபாய்ல வரியே கெடையாது.”

எனக்கு மனசு கேட்கவில்லை. பிடிவாதமாகத் தேனிக்கு ஓர் ஆடிட்டரிடம் இழுத்துப் போனேன். அந்த அம்மா எடுத்த எடுப்பில் கேட்டார்:

“என்னைக்குக் கெளம்புறீக?”

“ஆவணியிலயே கெளம்பியாச்சு மேடம்.”

ஆடிட்டர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். நான் விளக்கியதும் சிரித்துவிட்டார்.

“பெட்டி போனாப் பத்தாது, நீங்க போகணும். பாஸ்போர்ட்டுல சீல் விழுகணும். செப்டம்பர் இருபத்தெட்டுக்குள்ள போயிட்டா தப்பிச்சீக. நிதியாண்டுல பாதி நாள் இங்கனயே இருந்துட்டீகன்னா, துபாய் சம்பளத்துக்கும் இந்த வருஷம் இங்க வரி கட்டணும்.”

மாப்பிள்ளையின் முகம் தொங்கிவிட்டது. பிரசவத்துக்கு டாக்டர் சொன்னது அக்டோபர் முதல் வாரம்.

“ஒரு பத்து நாளு விட்டுக்குடுக்க மாட்டாகளா மேடம்?”

“மாட்டாக. கணக்கு இதுதான். இருக்கறதா போறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

பஸ்ஸில் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். உடனே டிக்கெட் போடலாம், கம்பெனிக்குப் போன் பண்ணலாம், பிள்ளையை வீடியோ காலில் பார்த்துக்கொள்ளலாம்... அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். சின்னமனூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“வரியக் கட்டிர்றேன் மச்சான்.”

“நெசமாவா மாப்ள? விசாவுக்கு வாங்குன கடன் வேற இருக்கே!”

“இருந்துட்டுப் போகுது. என் பிள்ளைய மொத மொத நான் கையில வாங்கணும்.”

மனிதரை இந்தப் பாடு படுத்திவிட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்படியானால் ஆடிட்டரிடம் போனது வீண்தானா? நல்ல கதை! தெரியாமல் கட்டியிருந்தால் அது தண்டம். இப்போது? தாய்மாமன் நான் இன்னும் ஒரு அரைஞாண் கொடிகூட வாங்கவில்லை — அதற்குள் அப்பன் முதல் சீரைச் செய்துவிட்டார்!